பைப் கட்டருக்கு வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல்

திங்கள் இரவு, உப்புவெளியிலிருந்து, தொழிற்பயிற்சி ஆசிரியர்:

எல்லோருக்கும் வணக்கம். ஓர் அவசரம். குழாய் பொருத்துநர் பயிற்சிக்கான செய்முறைத் தாளைத் திருத்தி வெள்ளி காலை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். 17 பிள்ளைகள். தாள் முழுக்க முடிந்துவிட்டது, ஒரு சொல்லைத் தவிர.

போன தடவை எங்களுக்கு வந்த தாளில் பைப் கட்டரை யாரோ 'குழாய்க் கத்தரி' என்று மொழிபெயர்த்திருந்தார்கள். யார், எங்கே என்பதை விடுவோம். கேள்வியை வாசித்ததும் ஆறு பேர் நேரே போய் பீ.வீ.சீ. குழாய் நறுக்கும் கத்தரியை எடுத்து வந்துவிட்டார்கள். மேசையில் கிடந்ததோ ஓரங்குல ஜீ.ஐ. குழாய், நாகம் பூசிய இரும்பு. ஒரு பிள்ளை அதைக் கத்தரியின் வாய்க்குள் வைத்து, உன்னி அமுக்கியும் பார்த்தாள். அலகின் நுனி உடைந்து பறந்தது. அவளில் என்ன பிழை? கத்தரி என்று எழுதியிருந்தது, கத்தரியை எடுத்தாள்.

கருவியைக் கையில் எடுத்துப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். வளைந்த கொக்கி போன்ற ஓர் இரும்புச் சட்டம். ஒரு பக்கத்தில் கூர்விளிம்புள்ள சிறிய சில்லு. எதிர்ப்பக்கத்தில் இரண்டு உருளைகள். கைப்பிடியோடு ஒரு திருகு. குழாயை நடுவில் வைத்துத் திருகை முறுக்கினால் சில்லு குழாயில் பதியும். கருவியைக் குழாயைச் சுற்றி ஒரு முறை சுழற்ற வேண்டும். பிறகு திருகைக் கொஞ்சம் முறுக்கி, மறுபடி ஒரு சுற்று. இப்படியே போனால் குழாய் இரண்டாகக் கழன்று விழும்.

தாளில் உள்ள வரைவிலக்கணம் 'குழாய்களையும் தண்டுகளையும் வெட்டும், எடுத்துச் செல்லக்கூடிய கைக்கருவி' என்பது. இதற்கு ஒரு சொல் தாருங்கள். பிள்ளைக்கு வாசித்தவுடன் விளங்க வேண்டும், பண்டிதர் ஐயாவும் என்னோடு கோபிக்கக் கூடாது.


செவ்வாய் அதிகாலை, திருகோணமலை நகரிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

தம்பி, கோபிக்கத்தான் போகிறேன், ஆனால் உம்மோடு அல்ல. 'குழாய்க் கத்தரி' என்று எழுதியவருக்குக் கத்தரித்தல் என்றால் இரண்டு அலகு நடுவே நெரித்து வெட்டுவது என்று தெரியவில்லை.

தமிழில் வெட்டுவதற்கு எத்தனை வினை! வெட்டு, அறு, அரி, தறி, துணி, நறுக்கு, கொய், சீவு, ஈர். எதுவும் எதற்கும் பதிலாகாது. நெல்லை அறுப்போம், வெட்ட மாட்டோம். மரத்தைத் தறிப்போம். பூவைக் கொய்வோம். பலகையை ஈர்வதால் அது ஈர்வாள். கிணற்றையோ வெட்டுவோம், ஏனென்றால் வெட்டு என்பதில் ஓங்கி இறக்கும் வீச்சு இருக்கிறது. நம் ஊரிலேயே சான்று உண்டு. கோணேசர் கோயில் இருக்கும் சுவாமி மலையில் பாறை பிளந்து கிடக்கிற இடத்துக்கு இராவணன் வெட்டு என்று பெயர். வாளை ஓங்கி ஒரே வீச்சு என்பதுதான் கதை. இராவணன் மலையைச் சுற்றிச் சுற்றி நடந்து, திருகை முறுக்கி முறுக்கிப் பிளந்தான் என்று யாராவது சொல்வார்களா?

நீர் சொல்லும் கருவியில் வீச்சு இல்லை. சுற்றுகிறது, பதிகிறது, சுற்றுகிறது, பதிகிறது, அறுகிறது. ஆகவே 'சுற்றறுப்பி'. குழாய் என்ற சொல்லே தேவையில்லை, தண்டும் அதற்குள் அடங்கிவிடும். அரைமணி நேரத்தில் கண்ட சொல், ஆனால் பிழை சொல்ல முடியாது.

குழாய் என்ற சொல்லும் எனக்கு முழு உவப்பில்லை. குழல்தான் மூத்தது. குழி, குழல், குழாய், குழிசி எல்லாம் உட்குழிவைக் காட்டும் ஒரே வேரில் பிறந்தவை என்பது என் துணிபு. குழவியையும் இதில் சேர்க்கலாமா என்று இரவு முழுக்க யோசித்தேன். அது வேறு மடலில்.


செவ்வாய் காலை, கிண்ணியாவிலிருந்து, லேத் (கடைசல்) பட்டறைக்காரர்:

அஸ்ஸலாமு அலைக்கும். ஐயாவின் மடலைப் பட்டறையில் சத்தமாக வாசித்தேன். பொடியன்கள் வேலையை விட்டுவிட்டுக் கேட்டார்கள்.

ஐயா, வீச்சு இல்லை என்றது சரி. ஆனால் அறுக்கிறது என்றதில் எனக்குச் சம்மதமில்லை. அறுப்பது ஹக்சோ, இரும்பறுக்கும் வாள். அதில் பல் இருக்கிறது. முன்னும் பின்னும் இழுக்க இழுக்கத் தூள் கொட்டும். அலகு போன வழியில் இருந்த இரும்பு குறைந்து போகும். இந்தச் சில்லில் பல் கிடையாது, தூளும் கொட்டாது. இரும்பை எடுக்காமல் இரண்டு பக்கமும் ஒதுக்கித் தள்ளிக்கொண்டு கீழே போகும். அதனால்தான் வெட்டி முடிந்த குழாயின் வாய்க்குள் பிசிறு உருண்டு நிற்கும். விரலை விட்டால் கீறும். ஒதுக்கிய இரும்புக்குப் போக வேறு இடமில்லை, உள்ளே மடிந்திருக்கிறது. அதைக் கூம்பு வடிவச் சீவுகருவி வைத்துச் சீவாமல் பூட்டினால் தண்ணீர் ஓட்டம் குறையும், அழுக்கும் பிடிக்கும்.

இன்னொன்று. அவசரப்பட்டுத் திருகை அதிகம் முறுக்கினால் செம்புக் குழாய் நசிந்து முட்டை மாதிரி ஆகிவிடும். உருளைகள் தேய்ந்த பழைய கருவி என்றால் சில்லு தொடங்கிய இடத்துக்குத் திரும்பி வராது, திருகுப் புரி போலச் சரிந்து ஓடும். புதுப் பொடியன் அதைப் பார்த்து 'நானா (அண்ணா), புரி வெட்டியாச்சு' என்றான் ஒரு நாள்.

எங்களுக்கு அது பைப் கட்டர். வேறு பேர் வைத்தால் வையுங்கள், ஆனால் தம்பி, வரைவிலக்கணத்தில் தண்டு வருகிறதே, அதைக் கவனியுங்கள். உள்ளே பொள்ளலாக இருக்கிறதும் முழுசாக இருக்கிறதும் ஒன்றில்லை.


செவ்வாய் மாலை, கோயம்புத்தூரிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்:

வணக்கம். இவ்வளவு சுவையான விவாதத்தில் நானும் நுழைகிறேன். 'குழாய்வெட்டி' போதாதா? மண்வெட்டி, பாக்குவெட்டி, நகவெட்டி என்று மூன்று வெட்டிகள் தமிழ்நாடு, இலங்கை இரு கரையிலும் வழக்கில் இருக்கின்றன. நகவெட்டியில் என்ன வீச்சு இருக்கிறது? சொல் பிறந்த இடம் வேறு, அது போய்ச் சேர்ந்த இடம் வேறு.

இலக்கணமும் நம் பக்கம்தான். கருவிப்பொருளில் வரும் இகர விகுதிக்குப் பள்ளியில் சொல்லித் தந்த எடுத்துக்காட்டே மண்வெட்டி. 'அறுப்பி' என்றால் எனக்குப் பிறவினை வாடை அடிக்கிறது, இன்னொருவரை வைத்து அறுப்பிப்பது போல. மேலும் எங்கள் ஊரில் அறுவை என்றால் பேசியே கொல்வது. ஐயா தவறாக நினைக்கக் கூடாது.

ஒரு சந்தேகம். ஆசிரியரும் பட்டறை அண்ணனும் 'சில்லு' என்கிறீர்களே, அது சக்கரம்தானே? முதல் மடலை வாசித்தபோது கணினிச் சில்லு பொருத்திய நவீனக் கருவி என்று நினைத்து, அதில் மின்கலம் எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தேன்.


செவ்வாய் இரவு, திருகோணமலை நகரிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மா, உங்களுக்குச் சில்லு என்றால் உடைந்த துண்டு, எங்களுக்கு வண்டியின் கால். சைக்கிள் சில்லு, கார்ச் சில்லு, கரத்தைச் சில்லு. இங்கே சக்கரம் என்றால் திருமாலின் கை நினைவுக்கு வரும். நீங்கள் தொட்டி என்பதை நாங்கள் தாங்கி என்போம். நீங்கள் அழுத்தம் என்பதை எங்கள் பிள்ளைகள் அமுக்கம் என்று படிக்கிறார்கள், எலக்ட்ரான் இங்கே இலத்திரன், நீங்கள் நிறை என்பது எங்களுக்குத் திணிவு. ஒரே மொழிக்கு இரண்டு விஞ்ஞானம் உண்டாகிவிட்டது.

இதை நினைக்கும்போது விபுலாநந்த அடிகள்தான் கண்முன் வருகிறார். காரைதீவில் பிறந்தவர், 1920களில் நம் திருகோணமலை இந்துக் கல்லூரியின் அதிபர், 1936இல் சென்னையில் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. ஒருவர் இரு கரைக்கும் பொதுவாக இருந்து சொல் செய்த காலம் அது. பௌதிகம் படித்தவர், யாழுக்கு நூல் செய்தவர். குழாய் வெட்டும் கருவியை அவர் கையில் கொடுத்திருந்தால் முதலில் அதைச் சுழற்றிப் பார்த்திருப்பார்.

கிண்ணியா நானா சொன்ன தூள் விஷயம் என்னைத் தூங்க விடவில்லை. 'அரம்பொருத பொன்போலத் தேயும்' என்று குறளில் வருகிறது. உரைகாரர் அங்கே பொன்னுக்கு இரும்பு என்று பொருள் சொல்வார். அரம் பொருதால் இரும்பு தேயும், உண்மை. அந்த வகை வெட்டில் பொருள் குறைகிறது. இதில் குறையவில்லை என்றால் அறுப்பு என்பதை நான் மீட்டுக்கொள்ள வேண்டி வரும். ஆனால் மீட்டுக்கொள்ளவில்லை. கயிறு அறுகிறது, அதில் தூள் கொட்டுகிறதா? உறவு அறுகிறது. அறுதல் என்றால் தொடர்பு போவது, அவ்வளவுதான்.


புதன் காலை, நிலாவெளியிலிருந்து, விடுதிகளில் குழாய் வேலை செய்பவர்:

வணக்கம். நான் ஹட்டன் பக்கம், இங்கே வேலைக்கு வந்து 12 வருடம். எங்கள் தோட்டத்தில் தண்ணீர் வருவது பீலியில். மூங்கில் இருந்த இடத்துக்கு இரும்பு வந்தும் பீலி பீலிதான். 'பீலிவெட்டி' என்று ஒருத்தரும் சொல்லவில்லையே என்று ஒரு குறை.

விளையாட்டுக்குச் சொன்னேன். வேலை விஷயம் ஒன்று இருக்கிறது. ஒற்றைச் சில்லுக் கருவியைக் குழாயைச் சுற்றி முழு வட்டம் கொண்டுபோக வேண்டும். சுவரோரம், கழிப்பறைத் தொட்டிக்குப் பின்னால், அதற்கு இடம் கிடைக்காது. அங்கே நாலு சில்லுக் கருவியை எடுப்போம், அரைவட்டத்துக்குக் குறைவாக முன்னும் பின்னும் ஆட்டினாலே வெட்டு சுற்றிச் சேர்ந்துவிடும். பழைய வார்ப்பிரும்புக் கழிவுக் குழாய்க்குச் சங்கிலிக் கருவி. சங்கிலி முழுக்கச் சில்லுகள், சுற்றிக் கட்டி இறுக்கினால் ஒரு கட்டத்தில் குழாய் டக்கென்று முறியும். அது சுற்றவே சுற்றாது. ஐயாவின் சுற்றறுப்பி இந்த இரண்டையும் வெளியே விட்டுவிடும்.


புதன் மதியம், சீனன்குடாவிலிருந்து, ஓய்வுபெற்ற பொருத்துநர்:

எல்லோரும் சில்லையும் சுற்றையும் பிடித்துக்கொண்டீர்கள். 'கை'யை விட்டுவிட்டீர்கள். தட்டைச் சுழற்றி வெட்டும் மின்கருவி, கிரைண்டர், இருக்க ஏன் இதைக் கொண்டுபோகிறோம்? தீப்பொறி. எண்ணெய் ஓடிய குழாயில் கிரைண்டரை வைக்க யாரும் விடமாட்டார்கள், விட்டாலும் நான் வைக்கமாட்டேன். குழாயைக் காலி செய்து கழுவி, ஆவி இல்லை என்று சோதித்த பிறகும், எண்ணெய் பூசிய சில்லை வைத்துக் கையாலேதான் சுற்றுவோம். சத்தமில்லை, சூடில்லை. ஆகவே பெயரில் கை இருக்க வேண்டும்.


புதன் மதியம், கோயம்புத்தூரிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்:

ஐயா, 'கைவெட்டி' என்று தாளில் அச்சானால் பிள்ளைகள் பரீட்சைக்கே வரமாட்டார்கள்.


புதன் இரவு, உப்புவெளியிலிருந்து, தொழிற்பயிற்சி ஆசிரியர்:

சிரித்துவிட்டேன், நன்றி அக்கா. ஆனால் இன்னும் ஒரு நாள்தான் இருக்கிறது.

இன்று வகுப்பில் ஒரு சோதனை செய்தேன். பலகையில் நான்கு சொல் எழுதினேன்: சுற்றறுப்பி, குழாய்வெட்டி, சில்லுவெட்டி, குழல்துணிப்பி. கடைசிச் சொல் ஐயா நேற்றுத் தொலைபேசியில் தந்தது. மேசையில் ஹக்சோ, பீ.வீ.சீ. கத்தரி, கிரைண்டர், பைப் கட்டர் நான்கையும் வைத்து, சொல்லுக்கு ஏற்ற கருவியை எடுக்கச் சொன்னேன்.

சுற்றறுப்பிக்குப் பாதிப்பேர் கிரைண்டரை எடுத்தார்கள். அது சுற்றுகிறது, அறுக்கிறது, அவர்களில் பிழையில்லை. குழாய்வெட்டிக்கு நான்கு கருவியும் எடுபட்டது, எல்லாமே குழாயை வெட்டும்தானே. சில்லுவெட்டிக்கு அநேகமாக எல்லோரும் சரியாக எடுத்தார்கள். ஒருவன் மட்டும் கிரைண்டர் தட்டும் சில்லுதானே என்று வாதாடினான். குழல்துணிப்பிக்கு ஒரு பிள்ளை மூலையில் கிடந்த பழைய துணியைத் தூக்கிக் காட்டி, ஒழுகும் குழாயில் சுற்றுவதா சேர் என்று கேட்டாள்.

ஐயா, மன்னிக்கவும். உள்ளதைச் சொன்னேன்.


வியாழன் அதிகாலை, திருகோணமலை நகரிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

துணி என்ற சொல்லே துணித்ததால் வந்தது என்பதை அந்தப் பிள்ளைக்குச் சொன்னீரா? சொல்லியிருந்தால் ஒரு பாடம் கிடைத்திருக்கும்.

பிள்ளைக்கு உடனே விளங்காத சொல் கூடாது என்கிறீர். உடனே விளங்கிய சொல் எது? இலத்திரன் விளங்கியதா? படித்தார்கள், பழகியது. பைப் கட்டர்கூட யாரோ ஒருவர் முதல் நாள் காட்டிச் சொல்லித் தந்த பிறகுதான் விளங்கியது. தமிழ்ச் சொல்லுக்கு மட்டும் பிறந்த அன்றே நடக்க வேண்டும் என்ற சட்டம் ஏன்?


வியாழன் காலை, கிண்ணியாவிலிருந்து, லேத் பட்டறைக்காரர்:

ஐயா கேட்டது நியாயமான கேள்வி, அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் தண்டைப் பற்றி ஒருவரும் பேசவில்லை, அதனால் நான் பேசுகிறேன்.

நேற்று ஒரு படகு ஷாஃப்ட் வந்தது, ஓரங்குலத்துக்கு மேல், முழு உருக்கு. பொடியனை விட்டுப் பைப் கட்டரால் முயன்று பார்க்கச் சொன்னேன், இந்த விவாதத்துக்காகவே. ஐந்தாறு சுற்றில் அழகாக ஒரு தவாளிப்பு, சுற்றிவர ஒரு பள்ளம், விழுந்தது, மோதிரம் போட்ட மாதிரி. அதற்குப் பிறகு எவ்வளவு முறுக்கினாலும் இறங்கவில்லை. குழாயில் சுவர் இரண்டு மூன்று மில்லிமீற்றர், சில்லு அதைத் தாண்டினால் வேலை முடிந்தது. முழுத் தண்டில் ஒதுக்கிய இரும்பு இரண்டு பக்கமும் சில்லைப் பிடித்துக்கொள்ளும். இன்னும் முறுக்கினால் சில்லு உடையும். நிறுத்தச் சொன்னேன்.

தண்டுக்கு வேறு கைக்கருவி உண்டு. தண்டைக் கவ்விக்கொண்டு, உளி போன்ற ஒரு சிறிய அலகைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளிச் சுற்றுவது. லேத்தில் நடக்கிற அதே வேலை, அங்கே தண்டு சுற்றும், இங்கே கருவி சுற்றும். அது இரும்பைச் சுருள் சுருளாகச் சீவி எடுக்கும். ஆகவே இது ஒரு கருவி இல்லை தம்பி, இரண்டு. ஒன்று ஒதுக்கும், ஒன்று சீவும். வரைவிலக்கணம் எழுதியவர் இரண்டையும் ஒரே சாக்கில் போட்டுவிட்டார். ஒரு சொல் கிடைக்காமல் நாம் மூன்று நாளாக அடிபடுவதற்குக் காரணம் தமிழில் இல்லை.

இன்னொரு சின்ன விஷயம். மூதூரில் போய்த் 'தண்டுவெட்டி' என்று சொல்லாதீர்கள். கரையில் தண்டு என்றால் துடுப்பு, தண்டு வலிக்கிறவர்கள் அடிக்க வருவார்கள்.


வியாழன் மாலை, உப்புவெளியிலிருந்து, தொழிற்பயிற்சி ஆசிரியர்:

நானா சொன்னதோடு எனக்குத் தெளிந்துவிட்டது. தாளிலிருந்து தண்டை வெட்டிவிட்டேன், எங்கள் பயிற்சியில் தண்டு வேலை இல்லை. குழாய்க்கு 'சில்லுக் குழாய்வெட்டி' என்று போடுகிறேன். நிலாவெளி அண்ணன், சீனன்குடா ஐயா, கோயம்புத்தூர் அக்கா மூவரும் சரி என்று எழுதியிருக்கிறார்கள். அக்கா சில்லுக்குப் பதில் சக்கரம் என்றால் இரு கரைக்கும் பொது என்றார். பிள்ளைகள் உப்புவெளியில் இருக்கிறார்கள், சில்லே இருக்கட்டும். படமும் ஒன்று வரைந்து சேர்த்திருக்கிறேன். படம் இருந்தால் சொல் எதற்கு என்று மட்டும் யாரும் கேட்க வேண்டாம்.


வியாழன் இரவு, திருகோணமலை நகரிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அச்சுக்குப் போவதற்கு முன் ஒரு வார்த்தை. 'சில்லுக் குழாய்வெட்டி' என்பதைச் சில்லுள்ள குழாயை வெட்டுவது என்றும் பிரிக்கலாம். சில்லுள்ள குழாய் பீரங்கி. கோட்டைக்குள் இருக்கிறது, போய்ப் பார்க்கவும். 'குழாய்ச் சில்லுவெட்டி' என்றால் குழாயின் சில்லை வெட்டுவது என்று ஆகும், அதுவும் வழுவே. இரண்டையும் தவிர்க்கும் சொல் ஒன்றுதான் இருக்கிறது, அதைத் திங்களுக்கு மறுநாளே தந்துவிட்டேன். என் கொப்பியில் சுற்றறுப்பி என்றே எழுதி வைக்கிறேன்.

குழவி பற்றிய மடல் நாளை வரும்.


வெள்ளி காலை, கிண்ணியாவிலிருந்து, லேத் பட்டறைக்காரர்:

தம்பி, தாள் நல்லபடி அச்சாகட்டும். அந்தப் படகு ஷாஃப்ட்டை நேற்று இரவு ஹக்சோவால் அறுத்து முடித்தோம். மூன்று அலகு போய்விட்டது. பொடியன் போட்ட மோதிரத் தவாளிப்பு மட்டும் வீண் போகவில்லை, அலகு வழுக்காமல் அதிலேயே பிடித்து நேராக இறங்கியது. அந்த வேலைக்கு என்ன பேர் என்று ஐயாவிடம் இப்போதைக்குக் கேட்க வேண்டாம். படகு இன்று இறங்குகிறது.